ஏஆர்-15க்கு ஸ்லிங் தேடினது: கயிறுல ஆரம்பிச்சு தையல் மெஷின்ல முடிஞ்ச வேலை

ஒருவழியா என் ஏஆர்-15 ரைஃபிளுக்கு ஸ்லிங், அதாவது துப்பாக்கியை உடம்போட மாட்டிக்கற பட்டை, சரியா அமைஞ்சிடுச்சு. ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டு நடந்தாலும் கழுத்து இழுக்கல, கேட்ல சங்கிலி அவிழ்க்கும்போது துப்பாக்கி முன்னாடி வந்து ஆடல, தோளுக்கு ஏத்தணும்னா இடது கையால ஒரு தள்ளு, நடக்கணும்னா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இதுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஒண்ணொண்ணா என்னென்ன செஞ்சு பார்த்தேன், எவ்வளவு செலவாச்சு, எது வேலைக்கு ஆகலன்னு எழுதி வச்சுடறேன், அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப ரேஞ்சுக்கு போறாங்க, கடையில போய் நின்னா ஸ்லிங்னு சொல்லி சுவர் முழுக்க தொங்கவிட்டிருப்பான், எதை எடுக்கறதுன்னே தெரியாது.

நான் இருக்கறது டெக்ஸாஸ், சான் அன்டோனியோவுக்கு தெற்கே. தெரிஞ்ச பெரியவர் ஒருத்தருக்கு அங்க ராஞ்ச் இருக்கு, மாட்டுக்கு வைக்கோல் போடற நிலம். காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில ஏர் ஓட்டின மாதிரி கிளறி வச்சுட்டு போயிடும், அப்புறம் அந்த நிலத்துல ட்ராக்டர் ஓட்டினா அச்சு போயிடும். தனியார் நிலத்துல, நிலத்துக்காரர் சம்மதம் இருந்தா காட்டுப்பன்னிக்கு ஹன்ட்டிங் லைசென்ஸ் தேவையில்லன்னு டெக்ஸாஸ்ல 2019 செப்டம்பர் 1லேர்ந்து சட்டம். ஆனா நான் ஹன்ட்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சுட்டுதான் போனேன், நீங்களும் முடிங்க, வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை என்ன பண்ணணும்ங்கற மாதிரி விஷயமெல்லாம் அங்கதான் சொல்லித் தருவாங்க. இன்னொண்ணு, நான் க்ரீன் கார்டு. எச்1பி மாதிரி விசால இருக்கறவங்களுக்கு ஃபெடரல் சட்டம் வேற, செல்லுபடியாகுற ஹன்ட்டிங் லைசென்ஸ் மாதிரி ஏதாவது விதிவிலக்கு கையில இல்லாம துப்பாக்கி வாங்கறதும் தப்பு, வச்சிருக்கறதும் தப்பு. அதை முதல்ல பார்த்துக்கங்க.

ஸ்லிங் எதுக்குன்னா, பன்னிக்கு போற ராத்திரியில கைக்கு வேலை அதிகம். ஒரு கையில தெர்மல் (உடம்பு சூட்டை வச்சு இருட்டுல காட்டற) பைனாகுலர், இன்னொரு கையில ட்ரைபாட், வழியில ரெண்டு மூணு கேட். துப்பாக்கியை கீழ வைக்க இடம் கிடையாது, செவ்வெறும்பு, மண்ணு, பனி. அதனால ரெண்டு கையும் காலியா இருக்கும்போது துப்பாக்கி நம்ம உடம்போட ஒட்டி இருக்கணும், முனை தரையை பார்த்தே இருக்கணும், கூட வர்றவன் பக்கம் திரும்பவே கூடாது. இதுதான் என் கணக்கு. தோள்ல தொங்கவிட்டு சுமக்கற சாதா பட்டைக்கும் டாக்டிகல் ஸ்லிங்னு விக்கறதுக்கும் வித்தியாசம் இதுதான், சாதா பட்டை சுமக்க மட்டும், இது போட்டபடியே சுடலாம், போட்டபடியே நீளத்தை கூட்டிக் குறைக்கலாம்.

முதல்ல எடை. ஊருக்கு கிளம்பும்போது பெட்டி தூக்கிப் பார்ப்போமே அந்த தொங்கு தராசு, அதுலயே ரைஃபிளை மாட்டிப் பார்த்தேன். 16 அங்குல பேரல், மேல தெர்மல் ஸ்கோப், லைட்டு, 20 ரவுண்டு மேகசின் எல்லாம் சேர்த்து 9.5 பவுண்டு, அதாவது 4.3 கிலோ. எடை போட்டப்ப மேகசின்ல டம்மி ரவுண்டுதான், வீட்டுக்குள்ள செஞ்ச எந்த வேலையிலயும் நிஜத் தோட்டா அந்த அறையிலயே கிடையாது, போல்ட் திறந்து சேம்பர்ல (தோட்டா உக்கார்ற அறை) மஞ்சள் கொடி செருகிட்டுதான் ஒவ்வொண்ணும் செஞ்சேன். இந்த எடையை குறிச்சு வச்சுக்கறது நல்லது, ஏன்னா 3 கிலோ துப்பாக்கியில சுகமா இருக்கற பட்டை 4.3 கிலோவுல கழுத்தை அறுக்கும்.

கடையில முதல்ல கொடுத்தது சிங்கிள் பாயிண்ட், 15 டாலர். ஒரே இடத்துல, ரிசீவருக்கு (துப்பாக்கியோட நடு உடம்பு) பின்னாடி மாட்டற மாதிரி, நடுவுல இழுத்தா நீளற ரப்பர். கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தா நல்லாத்தான் இருக்கும், இடது தோளுக்கு வலது தோளுக்கு மாத்தறது அவ்வளவு சுலபம். ஆனா கையை விட்டா நேரா கால் ரெண்டுக்கும் நடுவுல தொங்கும், நடந்தா முட்டியில அடிக்கும், குனிஞ்சா முனை முன்னாடி வீசும். ரப்பர் வேற, 4.3 கிலோ ஒவ்வொரு அடிக்கும் மேல கீழ குதிக்கும். வண்டிக்குள்ள உக்கார்ந்து இறங்கற வேலை உள்ளவங்களுக்கு இது ஒத்து வரும்னு சொல்றாங்க, நம்ம மாதிரி வயல்ல நடக்கறவங்களுக்கு ஒத்து வராது. முனை எங்க பார்க்குதுன்னு என் கையை எடுத்ததும் உறுதி இல்லாத ஒரு பட்டையை நான் போட மாட்டேன், அதோட முடிஞ்சது. த்ரீ பாயிண்ட்னும் ஒண்ணு இருக்கு, ரேஞ்சுல ஒருத்தர்கிட்ட போட்டுப் பார்த்தேன், கூடுதலா ஒரு பட்டை துப்பாக்கியோட பக்கவாட்டுலயே ஓடும், அது போல்ட்டை பின்னாடி நிறுத்தி வைக்கற போல்ட் கேட்ச் மேல வந்து விழுது, அதை எடுத்து விடறதுக்கு ஒரு கை வேணும். அதுவும் வேண்டாம்.

அப்ப டூ பாயிண்ட்தான். முன்னாடி ஒரு இடம், பின்னாடி ஒரு இடம். இங்கதான் எல்லாரும் எந்த கம்பெனின்னு கேக்கறாங்க, நானும் முதல்ல அதைத்தான் தேடினேன், ஆனா விஷயம் கம்பெனியில இல்ல, எந்த ரெண்டு புள்ளியில மாட்டறோம்ங்கறதுலதான் முக்கால்வாசி இருக்கு. அதே பட்டை, முன்புள்ளியை நாலு அங்குலம் தள்ளினா வேற பட்டை மாதிரி நடந்துக்கும்.

அதனால காசு போடறதுக்கு முன்னாடி 550 பாராகார்டு 50 அடி வாங்கினேன், 8 டாலர். அந்த 550ங்கறது அது தாங்கற பவுண்டு கணக்கு, நம்ம 9.5 பவுண்டுக்கு தாராளம். கராஜ்ல நின்னு ஹேண்ட்கார்டுல (பேரலைச் சுத்தி கை பிடிக்கற உறை) ஒரு முனை, பின்னாடி ஒரு முனை கட்டி, நடுவுல இழுத்தா இறுகற சுருக்கு போட்டு, இடம் மாத்தி மாத்தி மாட்டிப் பார்த்தேன். கயிறு தோள்ல அறுக்காம இருக்க பழைய துண்டை மடிச்சு வச்சுக்கிட்டேன். ஒவ்வொரு இடத்துலயும் பார்த்தது இதெல்லாம்: கையை விட்டா எங்க போய் நிக்குது, மண்டி போட்டா முனை தரையில படுதா, குனிஞ்சா என்ன ஆகுது, தோளுக்கு ஏத்த எவ்வளவு தளர்வு வேணும், இடது தோளுக்கு மாத்த எவ்வளவு வேணும்.

முன்புள்ளி ஹேண்ட்கார்டோட நுனியில, அதாவது முனைக்கு கிட்ட இருந்தா துப்பாக்கி உடம்போட நல்லா ஒட்டி நிக்குது, முனை அசையாது, முதுகுல போட்டுக்கிட்டு ஏறி இறங்க இதுதான் சுகம். ஆனா தோளுக்கு ஏத்தும்போது பட்டை இடது கைக்கு கீழ குறுக்க வருது, இடது தோளுக்கு மாத்த நீளம் நிறைய வேணும். ரிசீவருக்கு ஒட்டி வச்சா மாத்தறது சுலபம், ஆனா ஆட்டம் கிட்டத்தட்ட சிங்கிள் பாயிண்ட் மாதிரியே. எனக்கு சரியா வந்தது ரிசீவர் விளிம்புலேர்ந்து 8 அங்குலம் முன்னாடி, இடது பக்கம், கடிகாரத்துல 9 மணி இருக்குமே அந்த இடம். என் இடது கை பிடிக்கற இடத்துக்கு கொஞ்சம் முன்னாடி அது. நான் வலது கைக்காரன்ங்கறதால பட்டை முழுக்க இடது பக்கத்துல, அப்பதான் காலி தோட்டா வெளிய தெறிக்கற பக்கம் எதுவும் இருக்காது.

பின்புள்ளிக்கு கராஜ்ல நின்னப்ப எண்ட் ப்ளேட்டுதான் பிடிச்சது. ரிசீவருக்கும் ஸ்டாக்குக்கும் (தோள்ல வைக்கற பின்கட்டை) நடுவுல இருக்கற தகடு, அங்க க்யூடி குழி வச்ச தகடா மாத்திக்கலாம், அதாவது பட்டையோட வளையத்தை, ஸ்விவல்னு சொல்லுவாங்க, பட்டனை அமுக்கி மாட்டிக் கழட்டற குழி. தோள் மாத்தறதுக்கு அங்க வச்சா ரொம்ப லேசு. சரின்னு வாங்கினேன்.

இந்த தகடு மாத்தற வேலையை கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா அவசரப்பட்டா சின்ன சாமான் பறந்து போயிடும். பஃபர் ட்யூபை, அதாவது ஸ்டாக் மாட்டியிருக்கற குழாயை, முழுசா கழட்டாம தகட்டை மாத்த முடியாது. முதல்ல பஃபரையும் ஸ்ப்ரிங்கையும் வெளிய எடுத்துடணும், ஸ்டாக்கை உருவிடணும். லோயரை (ரிசீவரோட கீழ்ப்பாதி) வைஸ்ல பிடிக்க மேகசின் குழிக்குள்ள போற ப்ளாக் வச்சு பிடிச்சேன், நேரா வைஸ் பல்லுல பிடிச்சா அலுமினியம் நசுங்கிடும். ட்யூபை இறுக்கிப் பிடிக்கற கேஸில் நட்டை கழட்ட அதுக்குன்னே இருக்கற ரெஞ்சு, 30 டாலர். நட்டோட பள்ளத்துல தகட்டோட உலோகத்தை குத்தி விட்டிருப்பாங்க, ஸ்டேக்கிங், அதை மீறித்தான் முதல் திருப்பு வரும், சத்தம் கேட்டா பயப்பட வேண்டாம். ட்யூப் வெளிய வர வர பஃபரை பிடிச்சு வைக்கற குட்டி பின் மேல எகிறும், கட்டை விரலை அது மேல வச்சுக்கங்க. தகடு பின்னாடி நகரும்போது வலது பக்கம் டேக்டௌன் பின்னோட (துப்பாக்கியை மேல் கீழா பிரிக்கற பின்) மெல்லிசு ஸ்ப்ரிங் ஒண்ணு எட்டிப் பார்க்கும், அதுக்கு உள்ள டிடென்ட்னு ஒரு குட்டி உலோகத் துண்டும் இருக்கு, அது கராஜ் தரையில விழுந்தா தேடி எடுக்கறது பெரும்பாடு. நான் மொத்த லோயரையும் பெரிய ப்ளாஸ்டிக் பைக்குள்ள வச்சுதான் தகட்டை நகர்த்தினேன், ஸ்ப்ரிங் பைக்குள்ளயே விழுந்தது.

திரும்ப மாட்டும்போது ட்யூபோட உதடு அந்த குட்டி பின்னை லேசா பிடிக்கற வரைக்கும் திருகணும், அதுக்கு மேல போனா பின் இறங்காது. கேஸில் நட்டோட சின்ன பள்ளங்கள் தகட்டு பக்கம் பார்க்கணும். மரைக்கு கொஞ்சம் கிரீஸ். டார்க், அதாவது இறுக்கற முறுக்கு விசை, 40 ஃபுட்-பவுண்டு, டார்க் ரெஞ்சு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இரவல். கேஸில் நட் ரெஞ்சை டார்க் ரெஞ்சுக்கு 90 டிகிரியில மாட்டினாத்தான் கணக்கு சரியா வரும், நேர்க்கோட்டுல நீட்டி மாட்டினா காட்டறதை விட அதிகமா இறுகிடும். கடைசியில சென்டர் பஞ்ச் வச்சு ரெண்டு இடத்துல ஸ்டேக் பண்ணேன். இதை விடாதீங்க, நட்டு தளர்ந்தா ட்யூப் திரும்பும், தகடு பின்வாங்கும், அந்த ஸ்ப்ரிங் டென்ஷன் போயிடும்.

முன்பக்கம் ஹேண்ட்கார்டோட நீளத் துளையில மாட்டற எம்-லாக் மவுண்ட், 20 டாலர். ரெண்டு ஸ்க்ரூ, உள்ள டீ-நட்டு 90 டிகிரி திரும்பி பிடிச்சுக்கும். திரும்பிடுச்சான்னு டார்ச் அடிச்சு உள்பக்கம் பாருங்க, பாதி திரும்பி நின்னாலும் ஸ்க்ரூ இறுகின மாதிரியே இருக்கும். இதுக்கு 35 இன்ச்-பவுண்டு. இன்ச்-பவுண்டு, ஃபுட்-பவுண்டு இல்ல, 35 இன்ச்-பவுண்டுங்கறது 3 ஃபுட்-பவுண்டுக்கும் கீழ. பெரிய ரெஞ்சு எடுத்து முறுக்கினா மரை போயிடும், சின்ன டார்க் ஸ்க்ரூட்ரைவர் வேணும்.

மவுண்ட் வாங்கும்போது ஒண்ணு பாருங்க, க்யூடி குழிக்குள்ள நாலு பக்கம் வெட்டு இருக்கா, இல்ல வழுவழுன்னு வட்டமா இருக்கான்னு. வெட்டு இருந்தா ஸ்விவல் கொஞ்ச தூரம்தான் திரும்பும். வட்டமா இருந்தா சுத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவை துப்பாக்கியை திருப்பும்போதும் பட்டை முறுக்கிக்கிட்டே போகும், கடைசியில கயிறு மாதிரி ஆகி தோள்ல பதியும். எனக்கு முன்பக்கம் வெட்டு உள்ளது, பிரச்சனையே இல்ல.

இப்ப பட்டை. ரேஞ்சுல தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு மாட்டி மாட்டிப் பார்த்தேன், ப்ளூ ஃபோர்ஸ் கியரோட விக்கர்ஸ் ஸ்லிங், மேக்புல் எம்எஸ்1, சிங்கிளா டூவா மாத்திக்கற எம்எஸ்4, இன்னும் தடிமனா பேட் வச்சது, தோல் பட்டை. விலை பொதுவா 35லேர்ந்து 70 டாலர் வரைக்கும். எனக்கு கை போனது இழுத்தா இறுகி தள்ளினா தளர்ற வகைக்கு, அதுல ஸ்லைடர் ஒண்ணு, அதுக்கு ஒரு கைப்பிடி நாடா. அந்த இயக்கம் நம்ம ஜோல்னா பை பட்டையை நீளம் குறைக்கறோமே அதேதான்: பட்டையோட ஒரு முனை ஸ்லைடர்ல தைச்சிருக்கும், முன் வளையத்துக்குள்ள போய் திரும்பி ஸ்லைடருக்குள்ள புகுந்து தோளுக்கு வரும். ஸ்லைடரை நம்ம பக்கம் இழுத்தா ரெட்டையா ஓடற பகுதி நீளும், மொத்தம் குறையும், இறுகும். முன்னாடி தள்ளினா தளரும். 12 அங்குலம் நகர்த்தினா 12 அங்குலம் மாறும். கை துப்பாக்கியோட முன்பக்கம் போற வழியிலயே இதை பிடிச்சு தள்ளிட்டு போயிடலாம், இருட்டுல தேட வேண்டியதில்ல, அதுதான் அருமை.

இயக்கம் புரிஞ்சதும் நாமே தைச்சுடலாம்னு தோணுச்சு, ஏன்னா என் அளவுக்கு சரியா வர்றது கிடைக்கல, கடையில உள்ளது எனக்கு தளர்ந்த நிலையில சரியா இருந்தா இறுகின நிலையில வயித்துக்கு கீழ தொங்குது. கயிறுல அளந்து வச்சிருந்தேன்: நான் 5 அடி 8, டீ-ஷர்ட்டோட ஒட்டி இறுகி நிக்க 48 அங்குலம், இடது தோளுக்கு மாத்த 57, குளிர்கால ஜாக்கெட்டுக்கு 3 சேர்த்து 60. ஸ்லைடர் முன் வளையத்துக்கு எவ்வளவு கிட்ட போனாலும் 3 அங்குலம் மிச்சம் நிக்கும், அப்ப ஓடற பட்டை 63, மடிச்சு தைக்க 6, மொத்தம் 69. மூணு கெஜம் வாங்கினேன்.

அகலம் 1.25 அங்குலம், ஸ்விவல் வளையம் எல்லாம் அந்த அளவுக்குத்தான் வருது. முதல்ல துணிக்கடையில பளபளன்னு பாலியஸ்டர் நாடா எடுத்தேன், சீட் பெல்ட் மாதிரி இருக்கும், தோளுக்கு மெத்துனு இருக்கும், ஆனா ட்ரை-க்ளைடுல (பட்டையைக் கோர்த்துப் பிடிக்கற கொக்கி) பிடிமானமே இல்ல, நடக்க நடக்க தானா நழுவி நீளுது. அதை தூக்கிப் போட்டுட்டு கெட்டி நெசவு நைலான், மில்-டபிள்யூ-17337 வகை, ஆன்லைன்ல வாங்கினேன், மூணு கெஜம் 6 டாலர்தான். நைலான் நனைஞ்சா கொஞ்சம் நீளும், அது எனக்கு பரவாயில்ல, ஸ்லைடர்ல சரி பண்ணிக்கலாம். நழுவறதைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது.

தையலுக்கு வீட்டுல இருந்த சாதா மெஷின்தான். ஊசி 110/18, நூல் பாண்டட் நைலான் 69ம் நம்பர். ரெண்டு மடிப்பு வரைக்கும் மெஷின் தாராளமா தைக்குது, நாலு மடிப்பு வர்ற இடத்துல மிதிச்சு ஓட்டினா ஊசி வளையுது, தையல் விட்டு விட்டு விழுது. அங்கெல்லாம் கைச்சக்கரத்தை கையாலயே சுத்தி ஒவ்வொரு குத்தா போட்டேன். சதுரம் போட்டு உள்ள குறுக்கு கோடு, ரெண்டு ஓரத்துலயும் நெருக்கமா ஜிக்ஜாக் ஏழெட்டு ஓட்டம். பட்டை முனையை லைட்டர்ல காட்டி உருக்கி விட்டுடணும், ஆனா உருகின ஓரம் கத்தி மாதிரி கூரா நிக்கும், சூடு ஆறறதுக்குள்ள கரண்டி அடியால தேய்ச்சு மழுக்கினேன், இல்லன்னா கழுத்துல கீறும்.

தோள்ல படற 14 அங்குலத்துக்கு அடியில மட்டும் 2 அங்குல அகல நாடா ஒண்ணு சேர்த்து தைச்சேன். ஸ்பாஞ்ச் பேட் வைக்கல. டெக்ஸாஸ் ஜூலை ராத்திரியில ஸ்பாஞ்ச் வியர்வையை குடிச்சுக்கிட்டு காலையில வரைக்கும் ஈரமாவே இருக்கும், உப்பு பூத்து தோலை அரிக்கும். அகலம் மட்டும் கூட்டினாலே எடை பரவிடுது, 4.3 கிலோவுக்கு அது போதும்னு நடந்து பார்த்ததுல தெரியுது. இதை விட கனமான துப்பாக்கின்னா பேட் பத்தி யோசிக்கலாம்.

துப்பாக்கியை மாட்டறதுக்கு முன்னாடி பட்டையை கராஜ் உத்தரத்துல மாட்டி அஞ்சு கேலன் வாளி நிறைய தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க தொங்கவிட்டேன், அது 19 கிலோ கிட்ட, துப்பாக்கியை விட நாலு மடங்குக்கு மேல. காலையில தையல் ஒவ்வொண்ணா பார்த்தேன், ஒரு நூல் கூட எழும்பல, ஸ்லைடர் குறி போட்ட இடத்துலயே நின்னுச்சு. பழைய பாலியஸ்டரை இதே மாதிரி தொங்கவிட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

வயல்ல போட்டு நடந்தப்பதான் பின்புள்ளி சரியில்லன்னு புரிஞ்சது. எண்ட் ப்ளேட்டுல மாட்டினா ஸ்டாக் முழுக்க அந்த புள்ளிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்குது, கேட் சங்கிலிக்கு குனிஞ்சா ஸ்டாக் தாடைக்கு வருது. கராஜ்ல நின்னுக்கிட்டே பார்த்ததுல இது பிடிபடல, கயிறு கட்டினபடியே ஒரு மைல் நடந்திருந்தா அன்னைக்கே பிடிபட்டிருக்கும். ஸ்டாக்கோட பின்பக்கத்துலயே க்யூடி குழி இருந்தது, ஸ்விவலை அமுக்கி எடுத்து அங்க மாத்தினேன், துப்பாக்கி உடனே உடம்போட குறுக்க அடங்கிடுச்சு, முனை இடது காலுக்கு வெளிய தரையை பார்த்து நிக்குது. தோள் மாத்தறது முன்ன விட கொஞ்சம் சிரமம், ஆனா நான் ராத்திரி முழுக்க நடக்கறவன், தோள் மாத்தி சுடறது எப்பவாவதுதான். கார்பைன் க்ளாஸ், போட்டின்னு போறவங்களுக்கு எண்ட் ப்ளேட்டே நல்லா இருக்கும்.

அடுத்தது சத்தம். இரும்பு ட்ரை-க்ளைடு ஸ்விவல்ல படும்போது டிங்குனு ஒரு சத்தம், பகல்ல காதுலயே விழாது, ராத்திரி காத்து இல்லாதப்ப பன்னிக்கு நல்லா கேக்கும். பன்னிக்கு கண்ணு சுமார்தான், மூக்கும் காதும் அப்படி இல்ல. இரும்பை எடுத்துட்டு அசிட்டால் ப்ளாஸ்டிக் ட்ரை-க்ளைடு போட்டேன், ஸ்விவல் வளையத்துல ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் ஏத்தினேன். பட்டையில மிச்சம் தொங்கற வாலை பழைய சைக்கிள் ட்யூப்ல வெட்டின வளையத்துக்குள்ள செருகிட்டேன்.

வால் தொங்கினா இன்னொரு ஆபத்து மெஸ்கீட் முள்ளு. நம்ம ஊர் சீமைக்கருவேலத்தோட நெருங்கின சொந்தம் அது, அதே மாதிரி முள்ளு, அதே மாதிரி புதர். தளர்ந்த பட்டையில மாட்டினா துப்பாக்கியை பின்னாடி இழுக்கும். அதனால புதருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஸ்லைடரை ஒரு இழுப்பு இழுத்து உடம்போட ஒட்டிடுவேன். வேலி வந்தா ஸ்லிங்கை நம்பி தாண்டறதில்ல: மேகசின் எடுத்து, சேம்பர் காலி பண்ணி, துப்பாக்கியை கழட்டி கீழ வச்சு கம்பிக்கு அடியில தள்ளிட்டு, அப்புறம்தான் நான். ஸ்லிங் எவ்வளவு நல்லா இருந்தாலும் இது மாறாது.

ஸ்லிங்கை சுடறதுக்கும் பயன்படுத்தலாம். இடது கையை பட்டைக்குள்ள ஒரு சுத்து விட்டு இறுக்கினா துப்பாக்கி அசையாம நிக்கும். அமெரிக்க ராணுவத்தோட எம்1907 தோல் ஸ்லிங் காலத்துலேர்ந்து இருக்கற பழக்கம் இது. ஆனா இதுல ஒரு விஷயத்தை அளந்தே பார்த்துடணும்னு ரேஞ்சுக்கு போனேன். பெரியவர்கிட்ட பழைய ஏ2 மாதிரி ரைஃபிள் ஒண்ணு இருக்கு, அதுல முன் ஸ்விவல் பேரல்லயே உக்கார்ந்திருக்கற முன் சைட் அடியில. 100 கெஜத்துல, குப்புற படுத்து, முதல்ல மணல் மூட்டை மேல வச்சு ஒரு குரூப் (ஒரே குறிக்கு சுட்ட சில தோட்டா), அப்புறம் மூட்டை இல்லாம ஸ்லிங்கை நல்லா இறுக்கி ஒரு குரூப். ரெண்டாவது குரூப் 3 அங்குலம் கீழ போய் விழுந்தது. பட்டையோட இழுவை நேரா பேரல்ல போறதுதான் காரணம். என்னோடது ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டு, பேரலை எங்கயும் தொடாது, அதே மாதிரி இறுக்கி சுட்டதுல அரை அங்குலத்துக்குள்ளதான் நகர்ந்தது. ஃப்ரீ-ஃப்ளோட் இல்லாத ரைஃபிள் வச்சிருக்கறவங்க ஸ்லிங்கை இறுக்கி சுடற பழக்கம் இருந்தா அப்படியே இறுக்கி வச்சு ஜீரோ பாருங்க, அதாவது குறி வைக்கற இடத்துலயே தோட்டா படற மாதிரி சைட்டை சரி பண்ணுங்க.

செலவு கணக்கு: சிங்கிள் பாயிண்ட் 15, பாராகார்டு 8, எம்-லாக் மவுண்ட் 20, எண்ட் ப்ளேட் 25, கேஸில் நட் ரெஞ்சு 30, க்யூடி ஸ்விவல் ரெண்டு 28, நைலான் 6, ட்ரை-க்ளைடு 4, நூல் 12, ஊசி 5. மொத்தம் 153 டாலர். இதுல இப்ப துப்பாக்கியில இருக்கறதுக்கும் அதுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டதுக்கும் ஆனது 83தான். எண்ட் ப்ளேட், ரெஞ்சு, சிங்கிள் பாயிண்ட் மூணும் சேர்ந்து 70. அடுத்த தடவை கயிறோட வயல்ல நடந்துட்டுதான் எதையும் வாங்குவேன். தைக்கறதால பெருசா காசு மிச்சம்னு சொல்ல மாட்டேன், ரெடிமேட் ஸ்லிங் 55 டாலர்னு வச்சாலும் மவுண்ட், ஸ்விவல் சேர்த்து 103 ஆகும், 20 டாலர்தான் வித்தியாசம். தைச்சதுல கிடைச்சது அளவு. உங்க உடம்புக்கு கடை ஸ்லிங் இறுகின நிலை தளர்ந்த நிலை ரெண்டுலயும் சரியா வந்தா தாராளமா அதையே வாங்குங்க.

ஸ்விவலை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்க. பட்டனை அமுக்கினா உள்ள குட்டி குண்டுகள் உள்வாங்கும், விட்டா வெளிய வந்து குழியில பிடிக்கும். எங்க பக்கம் மண்ணு மணலா இருக்கும், அது குழியில சேர்ந்தா குண்டு பாதிதான் வெளிய வரும், மாட்டின மாதிரியே இருக்கும், நடந்து போகும்போது கழண்டுக்கும். மாட்டினதும் கையால பலமா ரெண்டு இழுப்பு, வீட்டுக்கு வந்ததும் குழியை காது துடைக்கற குச்சியால துடைச்சு பட்டன்ல ஒரு சொட்டு எண்ணெய்.

இப்ப கூட வர்ற நண்பன் ஒருத்தன், திண்டுக்கல் பக்கம், இடது கைக்காரன், "மாப்ள எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுடா"ன்னு கேட்டிருக்கான். அவனுக்கு எல்லாம் வலது பக்கம், 3 மணி இடம். ஆனா அந்த பக்கம்தான் காலி தோட்டா தெறிக்குது, பட்டை இஜெக்‌ஷன் போர்ட் மேல வந்து விழுமான்னு பார்க்கணும். அதனால அவன் துப்பாக்கியில முன்புள்ளியை 8 அங்குலத்துக்கு பதிலா 10க்கு தள்ளி கயிறு கட்டி விட்டிருக்கேன், இந்த வாரக் கடைசியில நடந்து பார்த்துட்டுதான் நைலானை வெட்டணும்.